மாப்பிள்ளையின் வெள்ளை வண்டி

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு வெள்ளைக் கார் இருந்துச்சாம். அந்தக் காருக்கு ஒரு சொந்தக்காரன் இருந்தானாம். அவனுக்கு ஒரு பெண்டாட்டி இருந்தாளாம். அவ ஒரு வருஷமா அந்தக் கார்ல ஏறவே இல்லையாம்.

உம் கொட்டுங்க சார். எங்க வீட்டுப் பெரியவங்க கதை சொல்லும்போது கேக்கிறவங்க உம் கொட்டணும். கொட்டலைன்னா பாதியில நிறுத்திட்டுத் தூங்கப் போயிடுவாங்க. எனக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிக்கிச்சு. நீங்க சும்மா தலையாட்டினாக்கூடப் போதும்.

அதோ மேடை மேல ஏத்தி நுரை அடிச்சிட்டிருக்காங்களே, சிவப்பு வண்டி, அதுதானே உங்களுது? புதுசு. பாத்தவுடனே தெரிஞ்சுது. சீட்டுல பிளாஸ்டிக் கவரைக்கூட இன்னும் கழட்டலை. நல்லது சார். கழட்டாதீங்க. என் வண்டி இந்தப் பக்கம் நிக்குது, வெள்ளை. சீட்டு நாலும் வெளியில வெயில்ல காயுது பாருங்க. கழட்டி எடுத்து ஷாம்பு போட்டுக் கழுவச் சொன்னேன். தேவராஜ் நல்லா செய்வாப்ல. இந்தப் படப்பை ரோட்டுல எத்தனையோ வாட்டர் வாஷ் இருக்கு, நான் இவரைத் தவிர யார்கிட்டயும் விடறதில்லை.

இன்னும் அரை மணி நேரத்துல என் ஒய்ஃப் இங்க வந்துடுவா. குணசுந்தரின்னு பேர். குணான்னு கூப்பிடுவேன். அவ அப்பாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, நாளைக்கு வருஷ தெவசம். செய்யாறு பக்கம் ஊர். ரெண்டு பேரும் சேர்ந்து போறோம். இந்த வண்டியிலதான். இன்னிக்கு ஏறிடுவா. ஏறிடுவான்னுதான் நினைக்கிறேன்.

ஏன் ஏறாம இருந்தான்னு கேக்கறீங்களா? கேக்கலை, ஆனா மனசுல இருக்குமில்ல. சொல்றேன். நீங்க புது வண்டிக்காரர், தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது. என் மேல ஒரு தப்பும் இல்லை சார். கேட்டா நீங்களே சொல்லுவீங்க.

நான் வேலை பாக்கிறது கார் கம்பெனியில. பெயிண்ட் செக்‌ஷன். உள்ள போறதுக்கு முன்னாடி காத்தடிக்கிற ரூம்ல கையைத் தூக்கிக்கிட்டு நிக்கணும். உடம்புல ஒட்டியிருக்கிற தூசியெல்லாம் போனப்புறம்தான் கதவு திறக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி பெயிண்ட்ல உக்காந்துட்டாப் போதும், அந்த பாடி திரும்பி வந்துடும். பன்னெண்டு வருஷமா தூசி தேடறதுதான் என் வேலை. எந்த வண்டியைப் பாத்தாலும் எனக்கு முதல்ல தெரியறது தூசிதான். அது வியாதி இல்லை சார். தொழில்.

எங்க நகரும் அப்படித்தான். முடிச்சூர்ல உள்ள தள்ளி இருக்கு, நாப்பது வீடு. காலைல ஆறரை மணிக்கு வந்து பாருங்க, பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வர்ற ஆம்பளைங்க அத்தனை பேர் கையிலயும் ஒரு மஞ்சத் துணி இருக்கும். எதிர் வீட்டு கருணாகரன் சார் வண்டியை மாசத்துக்கு ஒரு தரம்தான் வெளிய எடுப்பார். ஆனா தினம் துடைப்பார். ஒருதரம் எனக்கு டைபாய்டு வந்து ஒன்பது நாள் வண்டியைத் தொடலை. பத்தாவது நாள் கருணாகரன் சார் கதவைத் தட்டறார். குரலைத் தாழ்த்தி, "வேலையில எதாவது பிரச்சனையா ஜெயபால்? தயங்காம சொல்லுங்க, என் மச்சினன் ஒரு கம்பெனியில பெரிய போஸ்ட்ல இருக்கான்" அப்படிங்கிறார். இல்லை சார், ஜுரம்னு சொன்னேன். "ஓ, ஜுரம்தானா"ன்னு நிம்மதியாப் போயிட்டார்.

அப்படிப்பட்ட இடத்துலேருந்து போறவன் நான். இப்ப ஊர்க்கதைக்கு வர்றேன்.

வண்டி வாங்கி முதல் தரம் மாமனார் ஊருக்குப் போனோம். மெயின் ரோட்டுலேருந்து ஊருக்குள்ள ஏழு கிலோமீட்டர். அதுல தார் இருக்கிறது நாலு. போய் நின்னப்ப வெள்ளைக் காரைக் காணோம், காவிக் கார்தான் நிக்குது. ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. விடிஞ்சும் விடியாம ஒரு பக்கெட்டை எடுத்துக்கிட்டுத் தெருக்குழாய்க்குப் போய், வண்டியைக் கழுவ ஆரம்பிச்சேன். தெருமுனையில ஒரு அம்மா நின்னு பாத்துச்சு. பாத்துட்டு ஓடிச்சு. கொஞ்ச நேரத்துல ஏழெட்டுப் பொம்பளைங்க. முந்தானையை வாயில வச்சுக்கிட்டு, "யாரு சாமி? யாரு பூட்டது?"ங்கிறாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. என் மாமியார் வாசலுக்கு வந்ததுதான் தாமதம், ஒரு அம்மா அவங்களைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழ ஆரம்பிச்சிடுச்சு. யாரு என்னன்னு தெரியாமலே என் மாமியாரும் கூடச் சேர்ந்து அழறாங்க!

என் மாமனார் துரைக்கண்ணு வேப்பங்குச்சியோட பின்பக்கத்துலேருந்து வந்தார். வந்து பாத்துட்டு, சிரிக்கிறார் சிரிக்கிறார், குச்சி கீழ விழுந்துடுச்சு. "எவனும் சாவல, போங்கம்மா! எங்க மாப்ள வண்டியக் குளிப்பாட்றாரு!"

அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது. அந்த ஊர்ல வண்டியைக் கழுவறதுக்குன்னு நாள் இருக்கு சார். ஆயுத பூஜைக்கு ஒருதரம். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டோட சேர்த்து ஒருதரம். மத்தபடி சாவு வீட்டுக்குப் போய் வந்தாதான் கழுவுவாங்க, தெருவுலயே நிறுத்தி, வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி. சும்மா ஒருநாள் காலைல ஒருத்தன் வண்டியைக் கழுவினான்னா எங்கேயோ எழவு விழுந்திருக்குன்னு அர்த்தம். எங்க நகர்ல கழுவலைன்னா துக்கம் விசாரிக்க வர்றாங்க, அங்க கழுவினா வர்றாங்க. என்ன சொல்றது, சொல்லுங்க.

மாமனார் வண்டியைச் சொல்லணுமே. பழைய மொபெட். அது என்ன கலர்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. சேறு காஞ்சு, அது மேல புழுதி படிஞ்சு, அது மேல மறுபடி சேறு. கேரியர்ல மல்லாட்டைக் கொடி சிக்கிக்கிட்டு இருக்கும், அதான் நம்ம வேர்க்கடலைச் செடி. மத்தியானத்துல சீட்டு மேல கோழி உக்காந்திருக்கும். ஒருநாள் கேட்டேன், "ஏன் மாமா, நான் வேணும்னா ஒருதரம் தொடச்சு விடட்டுமா?"

"அய்ய, வேணா மாப்ள. வண்டில அழுக்கு இருந்தாதான் ஓட்றவன் வேலவெட்டிக்குப் போறான்னு அர்த்தம். பளபளன்னு வச்சிக்கினு இருந்தா எங்க ஊர்ல பொண்ணு குடுக்க யோசிப்பான்."

"அப்ப எனக்கு எப்படி மாமா குடுத்தீங்க?"

"அப்ப உங்ககிட்ட வண்டியே இல்லியே மாப்ள!"

அப்படிப் பேசற மனுஷன். எங்களுக்குள்ள ஒரு மனஸ்தாபமும் கிடையாது. அதை நீங்க நல்லா மனசுல வச்சுக்கணும். உம் கொட்டுங்க.

ஒருதரம் அவர் எங்களைப் பாக்க வந்தார். தாம்பரத்துல பஸ்ஸை விட்டு இறங்கி நிக்கிறார், ஒரு மூட்டை மல்லாட்டையோட. கழனியிலேருந்து நேரா கிளம்பி வந்திருப்பார் போல, கால்ல முட்டி வரைக்கும் சேறு காஞ்சு வெடிச்சிருக்கு. நானும் குணாவும் கார்ல போயிருந்தோம். என்ன பண்ணேன்? பின்சீட்டுல ஒரு பெட்ஷீட் விரிச்சேன். துவைச்ச பெட்ஷீட் சார். கீழ பேப்பர் போட்டேன். மூட்டையை டிக்கியில வச்சு அதுக்கும் ஒரு ஷீட். அவர் ஏறினார். ஏறி உக்காந்தவர் ரெண்டு காலையும் தூக்கி, முட்டியைக் கையால கட்டிக்கிட்டார். அஞ்சு கிலோமீட்டரும் காலைக் கீழயே வைக்கலை.

"காலை நல்லா வைங்க மாமா, பேப்பர் போட்டிருக்கு"ன்னேன்.

"பேப்பர்ல சாமி படம் கீது மாப்ள. மிதிக்கக் கூடாது" அப்படின்னார்.

எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, பக்தியான மனுஷன்னு. அப்புறம் வீட்டுக்கு வந்து அந்தப் பேப்பரை எடுத்து மடிக்கும்போது பாத்தேன், சாமி படம் எதுவும் இல்லை. ஃபிரிட்ஜ் விளம்பரம்தான் இருந்துச்சு. வயசானவர், கண்ணு சரியாத் தெரியலை போல. கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு குணாகிட்ட சொன்னேன். அவ முகத்தைத் திருப்பிக்கிட்டு மூட்டையை உள்ள எடுத்துட்டுப் போயிட்டா. வண்டியிலயும் அவ வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்திருந்தா.

அடுத்த தரம் வந்தப்ப போன் பண்ணவே இல்லை. தாம்பரத்துலேருந்து மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டு நடந்தே வந்துட்டார். "ஏன் மாமா, ஒரு போன் அடிச்சா நான் வந்திருப்பேனே"ன்னேன். "நடந்தா காத்தோட்டமா கீது மாப்ள"ன்னார். அதுலேருந்து எப்பவும் நடைதான். அவருக்கு நடக்கிறது பிடிக்கும் சார். அறுபத்திரண்டு வயசுல அப்படி நடக்கிறவங்களை நான் பாத்ததில்லை. கருணாகரன் சார்கூட ஒருநாள் கேட்டார், யாரு சார் அந்த மூட்டைக்காரர், உங்க வீட்டுக்கு அடிக்கடி வர்றாரேன்னு. ஊர்லேருந்து வர்றார், சொந்தக்காரர்னு சொன்னேன். மாமனார்னு சொல்லக் கூடாதுன்னு இல்லை. அந்த நேரத்துக்கு வாயில அதுதான் வந்துச்சு.

சரி. நடந்ததைச் சொல்றேன்.

போன கார்த்திகை. தீபத்துக்கு ஊருக்குப் போயிருந்தோம். நாலு நாள் விடாத மழை பெஞ்சு அன்னிக்குத்தான் விட்டிருந்துச்சு. காலை ஒன்பது மணி இருக்கும். குணா டீ எடுத்துக்கிட்டுக் கழனிக்குப் போயிருந்தா, அங்க அவ அப்பாவும் தம்பி சம்பத்தும் நாத்து நட்டுட்டிருந்தாங்க. நான் மாரியம்மன் கோயில் ஓரம் வண்டியை நிறுத்திக் கண்ணாடி துடைச்சிட்டிருந்தேன். திடீர்னு கத்தற சத்தம். பாத்தா சம்பத்தும் இன்னொருத்தரும் மாமனாரைத் தூக்கிட்டு ஓடி வர்றாங்க. பின்னாடி குணா, செருப்புக்கூட இல்லாம. நட்டுக்கிட்டே இருந்தவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே சேத்துல உக்காந்துட்டாராம். தலையிலேருந்து கால் வரைக்கும் சேறு. மூணு பேருக்கும்தான். கண்ணு மட்டும் தெரியுது.

நான் ஒரு நொடிகூட யோசிக்கலை. அதை நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன். சாவியை எடுத்தேன், பின்கதவைத் திறந்து விட்டேன். "ஒரு நிமிஷம், டிக்கியில ஷீட் இருக்கு, விரிச்சிடறேன்"ன்னேன். ஏறாதீங்கன்னு சொல்லலை. ஒரு நிமிஷம்னுதான் சொன்னேன். டிக்கியைத் தூக்கினேன். தார்ப்பாய் சுருட்டி நைலான் கயிறு போட்டுக் கட்டி வச்சிருந்தேன். எதையும் இறுக்கமா, ஒழுங்கா கட்டறவன் நான். அன்னிக்குன்னு பாத்து அந்த முடிச்சு அவிழ மாட்டேங்குது. நகம் ஒடிஞ்சுது. பல்லால கடிச்சு இழுத்தேன். டிக்கிக் கதவு மேல தூக்கியிருந்தா முன்பக்கம் என்ன நடக்குதுன்னு தெரியாது, உங்களுக்கே தெரியும். ஷீட்டை உருவிக்கிட்டு வந்து பாக்கிறேன், யாரும் இல்லை. பக்கத்துல ஆடு ஏத்தறதுக்கு நின்னிட்டிருந்த ஊர்க்காரர் முனிரத்தினத்தோட குட்டியானை, அந்தச் சின்ன லோடு வண்டி, கிளம்பிடுச்சு. பின்னாடி புழுக்கையும் தழையும் கிடக்கிற இடத்துல குணா உக்காந்து அவ அப்பா தலையை மடியில வச்சிருக்கா. நான் ஷீட்டை ரெண்டு கையிலயும் விரிச்சுப் பிடிச்சபடி நடுத்தெருவுல நிக்கிறேன்.

எவ்வளவு நேரம் இருக்கும்? ஒரு நிமிஷம். சரி, ஒண்ணரைன்னே வச்சுக்குங்க.

நானும் பின்னாடியே போனேன். அந்த ரோட்டுல பள்ளம் பள்ளமா தண்ணி. வேகமாப் போனா அடியில இடிக்கும், அவங்களைப் பிடிக்க முடியலை. நான் செய்யாறு ஆஸ்பத்திரிக்குள்ள நுழையறப்ப சம்பத்து தரையில உக்காந்திருக்கான். பாலம் தாண்டும்போதே போயிட்டாராம்.

நான் டாக்டரைக் கேட்டேன் சார். ஒருதரம் இல்லை, மூணு தரம் கேட்டேன். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?" "கார்ல வந்திருந்தா?" அந்த டாக்டர் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, "பெரிய அட்டாக்குங்க. எந்த வண்டியில வந்தாலும் இதுதான்"னார். எந்த வண்டியில வந்தாலும். அவர் வாயால சொன்னது. குணாவைக் கூட்டிட்டுப் போய் அவர் வாயாலயே கேக்க வைக்கணும்னு நினைச்சேன். அவ வரலை.

மறுநாள் எல்லாம் முடிஞ்சு சுடுகாட்டுலேருந்து வந்தாங்க. சம்பத்தும் முனிரத்தினமும் குட்டியானையைத் தெருக்குழாய்கிட்ட நிறுத்தித் தண்ணி ஊத்திக் கழுவறாங்க. அங்க வழக்கம்தான் சொன்னேனே. நானும் ஒரு பக்கெட் எடுத்துக்கிட்டு என் வண்டிக்குப் போனேன். பக்கத்துலயே நின்ன சம்பத்து என்ன சொன்னான் தெரியுமா? சின்னப் பையன் மாதிரி இருப்பான், என்னை மாமான்னு கூப்பிடறவன், எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான். "உங்க வண்டிய ஏன் மாமா கழுவுறீங்க? அதுலதான் யாரும் ஏறலியே" அப்படின்னான்.

தெருவுல அத்தனை பேரும் கையில வச்ச வேலையை நிறுத்திட்டாங்க. நான் பெருந்தன்மையாத்தான் நடந்துக்கிட்டேன். "பரவால்ல சம்பத்து, அழுக்கா இருக்கு, கழுவிடறேன்"னு சொல்லிட்டு வேலையைப் பாத்தேன். துக்கத்துல இருக்கிறவங்க பேசறதை மனசுல வச்சுக்கக் கூடாது.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு கிளம்பறோம். குணாவுக்கு முன்கதவைத் திறந்து விட்டேன். அவ பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, "நீங்க போங்க. நான் பஸ்ல வரேன்"னா. விளையாடறான்னு நினைச்சேன். நான் வீடு வந்து சேர்ந்து நாலு மணி நேரம் கழிச்சு வந்தா. வந்து எனக்குக் காபி போட்டுக் குடுத்தா, உலை வச்சா, கம்பெனி டிரெஸ்ஸை ஊற வச்சா. அன்னிலேருந்து ஒரு சண்டை கிடையாது சார். சண்டை போட்டிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன். பதில் எல்லாம் தயாரா வச்சிருந்தேன். அவ கேக்கவே இல்லை. கார்ல மட்டும் ஏறமாட்டா. கடைக்கு ஷேர் ஆட்டோ, கோயிலுக்கு நடை, ஊருக்கு பஸ்.

நான் என்ன நினைச்சேன்னா, ஊர்க்காரப் பொண்ணு, வண்டியில ஏதோ சகுனம் பாக்கறா. எலுமிச்சம்பழம் நசுக்கினேன், கற்பூரம் காட்டினேன், சீட்டுக் கவரைப் புதுசா மாத்தினேன். உள்ள வாசனை வைக்கிற டப்பா மூணு வாங்கினேன். தினம் ஒருதரம் துடைச்சதை ரெண்டு தரமா ஆக்கினேன். ஒருநாள் நல்ல மழை. நான் வேலை விட்டு வர்றேன், அவ குடையைப் பிடிச்சுக்கிட்டு நகருக்குள்ள நடந்து வர்றா. பக்கத்துல மெதுவா ஓட்டிக்கிட்டே ஜன்னலை இறக்கி, "ஏறு குணா, எல்லாரும் பாக்கறாங்க"ன்னேன்.

"செருப்பெல்லாம் சேறா கீதுங்க"ன்னா.

"பரவால்ல, ஏறு"ன்னேன். நிஜமாச் சொன்னேன் சார். கொஞ்சம் யோசிச்சிட்டுதான் சொன்னேன். அந்தக் கொஞ்சத்தை அவ பாத்துட்டா. வேகமா நடந்து போயிட்டா. மறுநாள் காலைல கருணாகரன் சார், "ஏன் ஜெயபால், மேடம் மழையில நனைஞ்சுக்கிட்டு நடந்து போறாங்களே"ன்னு கேக்கறார். நான் என்னன்னு சொல்றது? டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்னு சொன்னேன்.

போன வாரம் மனசைத் திடப்படுத்திக்கிட்டுக் கேட்டேன். "அப்பா தெவசத்துக்காவது சேர்ந்து போலாம் குணா. வண்டியை முழுசாக் கழுவி, சீட்டெல்லாம் கழட்டி, புது வண்டி மாதிரி ஆக்கிடறேன். நீ நேரா வாட்டர் வாஷுக்கு வந்துடு, அங்கிருந்தே போயிடலாம்." நறுக்கிட்டிருந்த கத்தியைக் கீழ வச்சுட்டு என்னைப் பாத்தா. அப்புறம், "வரேன்"னா. ஒரு வருஷத்துல முதல் தரம் சார். அதான் காலைலேருந்து இங்க உக்காந்திருக்கேன், நானே நின்னு ஒவ்வொரு சீட்டையும்…

வந்துட்டா. அதோ, ஷேர் ஆட்டோவுலேருந்து இறங்கறா பாருங்க, பச்சைப் புடவை. நான் சொல்லலை?

வா குணா. இப்படி நிழல்ல வா. சார், இவதான். குணா, இவரும் வண்டி விட்டிருக்கார், பேசிட்டிருந்தோம். இந்தா, இந்த சேர்ல உக்காரு, துடைச்சாச்சு. சீட்டு காஞ்சிடுச்சு, மாட்ட வேண்டியதுதான்.

"நான் உக்காரலைங்க. எதிர்ல காஞ்சிபுரம் பஸ் வந்துரும். அத சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன். போன்ல சொன்னா நல்லா இருக்காது. நீங்க பின்னாடி வாங்க. வராம இருந்துடாதீங்க, அம்மா கேப்பாங்க."

வரேன்னு சொன்னியே?

"வந்துட்டேனே."

பாத்தீங்களா சார்? இதைத்தான் சொன்னேன். சரி குணா, இவர் மூணாவது மனுஷர், இவர் முன்னாடியே கேக்கறேன். நான் என்ன தப்புப் பண்ணேன்? ஷீட்டு எடுக்கப் போனது தப்பா? கதவைத் திறந்து விட்டேனா இல்லையா? உன் தம்பிதான் அவசரப்பட்டு ஆட்டு வண்டியில ஏத்தினான். ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா…

"சம்பத்து அவசரப்படலைங்க."

பின்ன?

"அவன் உங்க வண்டிலதான் ஏத்தப் போனான். பாதி உடம்பு உள்ள போயிடுச்சு. அப்பாதான் கதவப் புடிச்சிக்கினு ஏற மாட்டேன்னுட்டாரு. மூச்சே விட முடியல அவரால. 'வேணான்டா, மாப்ள வண்டி சேறாயிடும்'னாரு. கைய எடுக்க வைக்க முடியல. அப்புறம்தான் முனிரத்தினம் அண்ணன் வண்டிக்குத் தூக்கினு ஓடினாங்க. அதான் அவரு கடைசியா பேசினது. வழில எதுவும் பேசல."

கேட்டீங்களா? சார், கேட்டீங்களா? அவரே சொல்லியிருக்கார்! நான் வேணாம்னு சொல்லலை, அவரே வேணாம்னுட்டார். குணா, என்ன குணா நீ, இதைப் போய் ஒரு வருஷமா மனசுலயே வச்சுக்கிட்டு! அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எவ்வளவு நிம்மதியா இருந்திருப்பேன்!

"அதுக்குத்தான் சொல்லல."

குணா. குணா, இரு.

ரோட்டைத் தாண்டிட்டா. லாரி வர்றதைக்கூட பாக்கலை. பஸ் ஸ்டாப்புல ஏன் நிக்காம நடக்கிறா? அடுத்த ஸ்டாப்புல ஏறிப்பா போல. நான் இங்கேருந்து பாத்துட்டே இருப்பேன்னு தெரியும் அவளுக்கு.

அதுக்குத்தான் சொல்லலைன்னா என்ன சார் அர்த்தம்? நான் நிம்மதியா இருந்துடக் கூடாதுன்னா? அவ அப்படிப்பட்டவ இல்லையே. ஒரு எறும்பு தண்ணியில விழுந்தாக்கூட எடுத்து வெளிய விடறவ.

கதவைப் பிடிச்சுக்கிட்டாராம். கை எடுக்க வைக்க முடியலையாம். எந்தக் கதவுன்னு கேட்டிருக்கலாம். பின்கதவுதான். நான் திறந்து விட்டது அதுதானே. இந்தப் பக்கத்துக் கதவு. மறுநாள் கழுவும்போது கண்ணாடிக்குக் கீழ சேறு அப்பியிருந்துச்சு சார். மேலேருந்து கீழ நாலு கோடு, காஞ்சு போய். ஆடு எதாவது உரசியிருக்கும்னு நினைச்சேன். துணியை நல்லா நனைச்சு, ஒரே இழுப்பு. போயிடுச்சு. பெயிண்ட்ல ஒரு கீறல்கூட விழலை. எனக்குத் திருப்தியா இருந்துச்சு. அப்ப குணா வாசப்படியில நின்னிட்டிருந்தா. ஏதோ சொல்ல வர்ற மாதிரி கையைத் தூக்கினா. நான், "அவ்வளவுதான், முடிஞ்சிடுச்சு, வந்துடறேன்"னு சொன்னேன்.

நாலு கோடு. கட்டைவிரல் உள்பக்கம் இருந்திருக்கும். உள்பக்கமும் துடைச்சேன்.

இல்லை தேவராஜ், இப்ப மாட்ட வேணாம். சீட்டு அப்படியே கிடக்கட்டும். சொல்றேன்.

என்ன சார்? உங்களைத்தான் கூப்பிடறாங்களா? ஆமா, முடிச்சிட்டாங்க. நல்லா வந்திருக்கு, பளிச்சுன்னு. எழுந்துட்டீங்களே. ஒண்ணும் சொல்லாமப் போறீங்களே சார். நீங்க எல்லாத்தையும் கேட்டீங்க இல்ல? என் மேல தப்பு இருக்குன்னா இருக்குன்னு சொல்லிட்டுப் போங்க. இல்லைன்னா இல்லைன்னாவது…

சரி. பாத்துப் போங்க. சார், அந்தப் பக்கம் வேணாம், கழுவின தண்ணியெல்லாம் அங்கதான் தேங்குது, ஒரே சேறு. இப்படி சுத்தி சிமெண்ட் மேல வாங்க. ஷூ எல்லாம்… சார்.

சேத்துலயே நடந்து போறார்.